கூட ஓடுகிறவனின் சொல்

வானொலியில் மழை என்று சொல்லும் நாளில் படங்கை விரித்து நெல்லைக் காயப்போடு என்பது கல்முனைக் கரையோரத்தில் வயதுபோன ஒரு பகிடி. மருதமுனையில் தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை கடந்து அக்கரைப்பற்று வரைக்கும் தேநீர்க் கடைகளிலும் பள்ளிவாசல் முன்றல்களிலும் இது சொல்லப்படாமல் ஒரு மாரி கழிந்ததில்லை. பலமுறை கேட்டுத் தேய்ந்துபோனதால் இப்போது சொல்பவரும் சிரிப்பதில்லை, கேட்பவரும் சிரிப்பதில்லை. ஏதோ நாட்டு நடப்பை உறுதிசெய்வதுபோல இருவரும் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அதே மனிதர் அன்றிரவு படுக்கப்போகுமுன் கைபேசியை மகனிடம் நீட்டி, “நாளைக்கு என்ன எண்டு போட்டிரிக்கி, பாரு மன” என்று கேட்கத் தவறுவதில்லை. கேட்டுவிட்டு, “அவங்க சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறார். நம்பவில்லை என்றால் ஏன் கேட்க வேண்டும், கேட்டதன் பிறகு ஏன் ஒன்றும் செய்யாமல் படுக்க வேண்டும் என்பது அவரை மட்டும் கேட்கும் கேள்வியல்ல. நாங்கள் எல்லோரும் ஏறத்தாழ அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இந்த அவநம்பிக்கைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை நாள்தோறும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகிறது. கிழக்கு மாகாணத்தில் அவ்வப்போது மழை பெய்யும், சில இடங்களில் நூறு மில்லிமீற்றருக்கும் அதிகமாகப் பெய்யலாம், இடி மின்னலின்போது பலத்த காற்றும் வீசலாம், ஆகவே அவதானமாக இருங்கள். கிழக்கு மாகாணம் என்பது புல்மோட்டையிலிருந்து பாணமை வரை கிட்டத்தட்ட பத்தாயிரம் சதுர கிலோமீற்றர். மனிதன் வாழ்வதோ ஒரு ஒழுங்கையில். மாகாணத்துக்குச் சொல்லப்பட்ட மழை ஒழுங்கைக்கு வராதபோது, அறிக்கை பொய்த்துவிட்டது என்று ஒழுங்கை முடிவுசெய்கிறது. நாவிதன்வெளியில் வெள்ளமாகக் கொட்டியதை ஆறேழு கிலோமீற்றருக்கு இப்பால் வெயிலில் நிற்பவன் கணக்கில் எடுப்பதில்லை. ‘சில இடங்களில்’ என்ற அந்தச் சொற்றொடர் அறிவியலின் நேர்மையிலிருந்து பிறந்தது. ஆனால் கேட்பவர் காதில் அது தப்பிக்க வைத்துக்கொண்ட பின்கதவாகவே விழுகிறது. எங்கே மழை பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, அறிக்கை ஒருபோதும் பிழைக்காது. பிழைக்கவே முடியாத ஒன்றை நம்புவது மனிதருக்கு எப்போதுமே கடினம்.

நமது வானம் இலேசில் கணக்குக்குள் அகப்படுவதுமில்லை. ஒக்டோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் பிற்பகலில் திரண்டு ஒரு மணிநேரத்தில் கொட்டித் தீர்க்கும் முகில்கள் ஒருவகை. அதன்பின் வாடைக்காற்றோடு வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் உருவாகும் தாழமுக்கங்கள் இன்னொருவகை. பூமத்திய ரேகைக்கு அண்மையில், நம் கரைக்கும் அண்மையில் அவை உருவாகின்றன. சில வேளை நின்ற இடத்திலேயே இரண்டு நாள் நிற்கின்றன, சில வேளை விடிவதற்குள் திசை மாறுகின்றன. இப்படியான முகில்களுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எந்த ஊரை நோக்கி நகர்கிறது என்று அடுத்த சில மணிநேரங்களுக்காவது சொல்ல டொப்ளர் ராடர் வேண்டும். பத்தாண்டுக்கும் முன்பு தெனியாயவுக்கு அருகே கொங்கல மலையில் நிறுவுவதற்கென ஒன்று தருவிக்கப்பட்டது. மலைக்கு ஏற்றிச்செல்லும் வழியிலேயே அது சேதமடைந்துபோனது. வானத்தின் போக்கைக் கண்டுபிடிக்க வந்த கருவிக்கு மலைப்பாதையின் போக்குத் தெரியாமற்போயிற்று. பின்னர் 2017இல் ஜப்பானின் உதவியுடன் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு ராடர்களை நிறுவ ஏற்பாடானது. பொத்துவில் நமது கரை. அங்கே ஒரு ராடர் எழுந்திருந்தால் கல்முனை வரைக்கும் அதன் பார்வைக்குள் வந்திருக்கும். இடையில் நாடே வங்குரோத்தாகி, திட்டங்கள் தள்ளிப்போய், 2025ஆம் ஆண்டு முடிந்தபோதும் பொத்துவில் வானத்தை வெறுங்கண்ணாலும் செய்மதிப் படங்களாலும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வுகூறலை ஏளனம் செய்யும்போது, ஒரு கண் கட்டப்பட்ட மனிதர்களை நோக்கித்தான் ஏளனம் செய்கிறோம் என்பதை நாம் நினைப்பதில்லை.

ஆனால் கருவிகளை எண்ணிச் சொல்லிவிட்டால் விடயம் முடிந்துவிடாது. நாளைக்கே பொத்துவிலில் ராடர் சுழலத் தொடங்கினாலும் படங்கை விரிக்கும் பகிடி இருக்கத்தான் செய்யும். அதன் வேர் வேறெங்கோ, எச்சரிக்கைகளோடு நமக்குள்ள நினைவில் இருக்கிறது.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை மையமாகக் கொண்டு அடித்த சூறாவளியை இன்றும் வயதானவர்கள் பெயர் சொல்லாமல் ஆண்டைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்ததையும் கூரையில்லாத ஊர்களையும் பற்றி அவர்கள் சொல்வார்கள். முன்கூட்டியே யார் என்ன சொன்னார் என்பது பற்றி அந்தக் கதைகளில் அதிகம் இருப்பதில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவின் கடலடியில் நிலம் பிளந்தது. அலை நம் கரைக்கு வந்துசேர ஒன்றரை மணிநேரத்துக்கும் மேல் எடுத்தது. அந்த ஒன்றரை மணிநேரத்தில் ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்கம் தெரிந்திருந்தது. இந்து சமுத்திரத்தில் யாருக்குச் சொல்வது என்ற ஒழுங்குதான் எவரிடமும் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரைக் கொடுக்கவில்லை. ஒரு சொல் வந்திருந்தால் போதும். ஓடுவதற்குப் பிரதான வீதிக்கு அப்பால் வயல்வெளி இருந்தது.

அந்தச் சொல் அதன் பிறகுதான் வரத் தொடங்கியது. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவில் மீண்டும் பெரிய நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, மக்கள் இருட்டில் ஓடினார்கள், அலை வரவில்லை. 2007 செப்டெம்பரிலும் அப்படியே. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தபோது கரையோரமே காலியானது. கடல் சற்று அசைந்துவிட்டு அடங்கிக்கொண்டது. 2020 டிசம்பரில் புரேவி சூறாவளி கிழக்கைத் தாக்கப்போகிறது என்று நாட்கணக்காகச் சொல்லப்பட்டது. அது வடக்கே திருகோணமலை மாவட்டத்தில் கரையேறி, அஞ்சிய அளவுக்கு ஆடாமல் போய்ச்சேர்ந்தது. பேரழிவு வந்தபோது எச்சரிக்கை வரவில்லை, எச்சரிக்கை வந்தபோதெல்லாம் பேரழிவு வரவில்லை. இந்த வரிசையில் ஒரு சமூகத்துக்குப் பாடம் நடந்தால் அது எதைக் கற்றுக்கொள்ளும்? அலை வராமற்போன மூன்று தடவையும் எச்சரித்தவர்கள் செய்தது சரியே. அவர்கள் சொல்லாமல் விட்டு அலை வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆயினும் வராத அலைக்காக விட்டோடிய வீடு, இருட்டில் தவறவிட்ட பிள்ளையின் கை, பூட்டாமல் போன கடை ஆகியவை நினைவில் தங்குகின்றன. தப்பியதற்கான நன்றி, தப்பவேண்டிய தேவை நேராதபோது பிறப்பதில்லை.

இங்கேதான் எளிதில் விடைகாண முடியாத முரண் ஒன்று நிற்கிறது. திணைக்களத்தின் அறிக்கையைக் கேட்டுத் திரும்பிப் படுக்கும் இதே ஊர், சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில், “கடல் வருது!” என்று ஒழுங்கை முனையில் எவரோ ஒருவர் கத்தியதும் மொத்தமாக எழுந்து ஓடியது. ஒருமுறை இரண்டுமுறை அல்ல. கத்தியவர் யார், எங்கே பார்த்தார், எந்த நிலநடுக்கம் என்று எவரும் நின்று விசாரிக்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பில் உலை கொதிக்க, செருப்பில்லாமல் மேற்கு நோக்கி ஓடினோம். விஞ்ஞானிகள், செய்மதிகள், அரச முத்திரை எல்லாம் சேர்ந்து சொன்னால் நம்பாதவர்கள் பெயர் தெரியாத ஒரு குரலை ஏன் நம்பினார்கள்?

இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊரைத் தெரியாது என்று நினைக்கிறேன். கத்தியவர் கத்திக்கொண்டே ஓடினார் என்பதுதான் காரணம். அவருடைய சொல்லுக்கு அவருடைய கால்களே சாட்சி. தன் வீட்டையும் திறந்து போட்டுவிட்டு ஓடுகிற ஒருவர் பொய் சொல்லியிருக்கலாம், ஏமாந்திருக்கலாம். ஆனால் தான் சொல்வதைத் தானே நம்புகிறார் என்பதில் ஐயமில்லை. அறிக்கையை வாசிப்பவர் ஓடுவதில்லை. அவர் இருக்கும் இடத்தில் மழை பெய்யாது; பெய்தாலும் அவருடைய சம்பளம் நனையாது. இது அவருடைய குற்றமல்ல, அவருடைய வேலை அப்படி. ஆனால் மனிதர்கள் எச்சரிக்கையின் சொற்களை மட்டும் கேட்பதில்லை. எச்சரித்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதையும் கூர்ந்து பார்க்கிறார்கள். அவர் அசையாமல் இருந்தால் நாமும் அசையாமல் இருக்கலாம் என்பதே நமது கணக்கு.

அந்தக் கணக்கின்படி 2024 நவம்பர் கடைசி வாரத்தைப் பார்க்கவேண்டும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வலுத்து இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பலத்த மழை பற்றிய எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. நவம்பர் 25, திங்கட்கிழமை, அரசாங்கம் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை நாடு முழுவதும் திட்டமிட்டபடி ஆரம்பித்தது. முழங்கால் நீரில் பிள்ளைகள் பரீட்சை மண்டபங்களுக்குப் போனார்கள். எச்சரிக்கையை வெளியிட்டது அரசின் ஒரு திணைக்களம். எச்சரிக்கையே வராததுபோல நடந்துகொண்டது அதே அரசின் இன்னொரு திணைக்களம். வாப்பாமாரும் உம்மாமாரும் இரண்டையும் ஒரே நாளில் கேட்டார்கள். எதை நம்புவார்கள்? அறிக்கையில் உள்ளது ‘பெய்யக்கூடும்’; பரீட்சைக்குப் போகாவிட்டால் நிகழப்போவது ‘கூடும்’ அல்ல. 26ஆம் திகதி, வெள்ளம் வீதிகளை எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்த மூன்று நாட்களுக்குப் பரீட்சையை ஒத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது.

அதே 26ஆம் திகதி பிற்பகல்தான் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியில், வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த இடத்தில், உழவு இயந்திரப் பெட்டி ஒன்று கவிழ்ந்தது. நிந்தவூர் மத்ரசா ஒன்றிலிருந்து சம்மாந்துறைப் பக்கமாகத் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் அதில் இருந்தார்கள். சிலர் காப்பாற்றப்பட்டார்கள். மற்றவர்களின் ஜனாஸாக்களைத் தேடி எடுக்க நாட்கள் சென்றன. கரையில் ஊர்களே நின்று காத்திருந்தன. அந்த நாட்களை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. இந்தக் கரையில் வாழும் எவருக்கும் அவை மறக்கவில்லை.

அந்தத் தாழமுக்கம் மூன்று நாட்களின் பின்னர் தமிழகத்தை நெருங்கியபோதுதான் சூறாவளியாகி, அதிகாரபூர்வமாக ‘பெங்கால்’ என்ற பெயரைப் பெற்றது. நம் பிள்ளைகளைக் கொண்டுபோனபோது அதற்குப் பெயர்கூட இருக்கவில்லை.

இந்தச் சம்பவத்தை எச்சரிக்கையை மதிக்காததன் விளைவு என்று அன்றே பலர் எழுதினார்கள். எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் அது அவ்வளவு எளிய கணக்காகத் தெரியவில்லை. காலநிலை மோசமாகிறது என்பதால்தானே பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எச்சரிக்கை பாதி நம்பப்பட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கவேண்டும் என்ற பாதி. வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ள வீதி இப்போது வீதி அல்ல என்ற மற்றப் பாதி எவரிடமும் வந்துசேரவில்லை, அல்லது வந்தும் தைக்கவில்லை. கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் ஒவ்வொரு மாரியிலும் நீர் வீதியைக் கடக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் மக்கள் அந்த நீரைக் கடக்கிறார்கள். உழவு இயந்திரம் உயரமானது, கடந்துவிடும் என்பது பல ஆண்டுகள் உண்மையாக இருந்த ஒரு நம்பிக்கை. திணைக்களத்தின் அறிக்கை மாகாணத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று சொன்னது. மேற்கே சேனாநாயக்க சமுத்திரத்தின் பக்கமிருந்தும் இடையிலுள்ள குளங்களிலிருந்தும் வரும் நீர் எத்தனை மணிக்கு எந்த வீதியை எவ்வளவு வேகத்தில் கடக்கும் என்பதைச் சொல்வது அதன் வேலை அல்ல. அதைச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி நிற்பது யாருடைய வேலை என்பது பிறகு விசாரிக்கப்பட்டது. விசாரணைகளுக்குக் குற்றவாளிகள் கிடைப்பார்கள்; கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆள் கிடைப்பதுதான் அரிது.

எச்சரிக்கையை நம்புவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை நம்புபவன்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிக்கை சொல்லும் ஒவ்வொரு நாளும் கரைவலைக்காரனுக்குக் கூலியில்லாத நாள். ஆழ்கடல் படகுக்காரனுக்கோ டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய கடன் வளரும் நாள். போகாமல் நின்றாலும் படகை நிறுத்தப் பாதுகாப்பான இடம் வேண்டும். அதற்கென்று ஒலுவிலில் ஒரு துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் வாயை மணல் மூடியது. பக்கத்துக் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகளோடு காணிகளும் போயின. எனவே கல்முனைப் படகுக்காரன் திறந்த கடலில் நங்கூரமிட்டுவிட்டு வீட்டிலிருந்து காற்றைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவனிடம் ‘அவதானமாக இருங்கள்’ என்று சொல்வது எளிது. அவன் எங்கே அவதானமாக இருப்பது?

வயற்காரனின் நிலை இதற்குச் சற்றே மாறுபட்டது. பெரும்போகத்துக்கு விதைக்கும் நாளை அவன் தெரிவுசெய்வதில்லை. நீர் திறக்கும் திகதி கூட்டத்தில் முடிவாகிறது, வட்டவிதானை சொல்லிவிடுகிறார், கண்டம் முழுவதும் ஒன்றாக விதைக்கிறது. விதைத்து நாலாம் நாள் பெருமழை வரும் என்று யார் சொன்னாலும் அவனால் செய்யக்கூடியது வரம்பில் நின்று வானத்தைப் பார்ப்பதுதான். தெரிந்து ஒன்றும் செய்ய இயலாத செய்தியைக் கேட்டு நித்திரையைக் கெடுப்பதைவிட நம்பாமல் தூங்குவது மேல் என்று ஒருவர் முடிவுசெய்தால் அதை மூடத்தனம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. நமது அவநம்பிக்கையில் ஒரு பகுதி இப்படித்தான், இயலாமை தன் மானத்தைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட சட்டை.

இன்னொரு பகுதிக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறோம். மழை எப்போது இறங்கும் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும் என்று பெரியவர்கள் சொல்லும்போது அதை மறுக்க இங்கே எவருமில்லை. அடையாளங்களை வைத்து ஊகிப்பது மறைவான அறிவுக்கு உரிமை கோருவதாகாது என்று உலமாக்கள் விளக்கியும் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியை ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். கடைக்கு மூன்று பூட்டுப் போடும்போது அந்த நபிமொழி நமக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. வெள்ளம் பாயும் வீதியில் மோட்டார் சைக்கிளை இறக்கும்போதுதான் விதி நினைவுக்கு வருகிறது.

ஆனால் பள்ளிவாசலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு ஊரில் கடல் கொந்தளிக்கிறது, தோணா நிரம்பிவிட்டது, முகத்துவாரம் வெட்டப்போகிறார்கள், பள்ளத்தில் உள்ளவர்கள் பாடசாலைக்கு வாருங்கள் என்று பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தால் ஊர் அசைகிறது. வாட்ஸ்அப்பில் மூன்று தடவை வந்த அதே செய்திக்கு அசையாத ஊர் அது. மார்க்கத்தின் மரியாதை ஒரு காரணம்தான். அறிவிப்பவரின் வீடும் அதே பள்ளத்தில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். அவருடைய குரலின் நடுக்கத்தை வைத்தே நீர் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று கேட்பவர்கள் மட்டுக்கட்டிவிடுவார்கள். தமிழ் பேசும் மக்கள் பலர் மாரி காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜாவின் முகநூல் பதிவுகளைத் தேடிப் போவதற்கும் இதையொட்டிய ஒரு காரணம் இருக்கிறது. அவர் தமிழில் நேராகச் சொல்கிறார், எந்த நாள், எந்தப் பக்கம் என்று சொல்கிறார், தன் பெயரைப் போட்டுச் சொல்கிறார். பிழைத்தால் கேள்வி கேட்க ஒரு முகம் இருக்கிறது. அதே முகநூலில் யாரோ வெட்டி ஒட்டிய, ஆண்டே தெரியாத சுழல்படங்களும் அவர் பெயரிலேயே சுற்றுவது அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் வரி.

முகமில்லாத அறிக்கைகள் முகமில்லாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. இத்தாலியின் லாக்விலா நகரில் 2009 ஏப்ரலில் நிலநடுக்கம் முன்னூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்குச் சில நாட்கள் முன்பு மக்கள் அஞ்சத் தேவையில்லை என்ற எண்ணத்தை ஏற்படுத்தியதற்காக ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விஞ்ஞானிகள் மேன்முறையீட்டில் 2014இல் விடுவிக்கப்பட்டார்கள். உலகெங்கும் வானத்தையும் நிலத்தையும் கணிப்பவர்கள் அந்த வழக்கைக் கவனித்தார்கள். தெளிவாகச் சொன்னால் வழக்கு, மழுப்பிச் சொன்னால் பகிடி என்றால் ஒரு அரச ஊழியர் எதைத் தெரிவுசெய்வார் என்பதை ஊகிக்க ராடர் தேவையில்லை.

நம்மைப்போலவே நெல்லும் மீனும் தொழுகையுமாக வாழும் ஒரு கரை இதில் வேறு வழியில் போயிருக்கிறது. இன்றைய பங்களாதேஷின் கரையில் 1970 நவம்பரில் அடித்த போலா சூறாவளியில் இறந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அதன் பின்னர் 1972இல் அங்கே அரசும் இன்றைய செம்பிறைச் சங்கமும் சேர்ந்து சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதன் மையத்தில் இருந்தது விலையுயர்ந்த கருவி ஏதுமல்ல. கிராமத்துக் கிராமம் கொடியும் ஒலிபெருக்கியும் சைக்கிளுமாக நிற்கும் தொண்டர்கள். இப்போது அவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பாதிப்பேர் பெண்கள். 2007 நவம்பரில் சித்ர் என்ற கடும் சூறாவளி அதே நாட்டைத் தாக்கியபோது இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெருந்துயரமே; ஆனால் இலட்சங்களுக்கும் ஆயிரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க உதவியதில் சூறாவளிப் புகலிடங்களுக்கும் பங்குண்டு, கதவைத் தட்டிய அந்தத் தொண்டர்களுக்கும் பங்குண்டு. மைத்துனியின் கதவைத் தட்டி, “எழும்புங்க, நானும் போறன்” என்று சொல்கிறவளின் எச்சரிக்கையை மறுப்பது கடினம்.

நம்மிடமும் ஒழுங்குகள் இல்லாமலில்லை. சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, 117 என்ற இலக்கம் வந்தது, கரைநெடுகிலும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. காலப்போக்கில் கோபுரங்கள் பல பழுதடைந்து ஊமையாயின; உப்புக்காற்று இரும்பை விடாது, பராமரிப்புக்கான ஒதுக்கீடும் இரும்பைவிட வேகமாகக் கரையும். டிசம்பர் 26இல் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூரல் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெறுகின்றன. துஆக்களின்போது உண்மையாகவே கண்கள் கலங்குகின்றன. கடல் வந்தால் இந்த ஒழுங்கையிலுள்ள நடக்கமுடியாத மூத்தம்மாவை யார் தூக்குவது என்ற பேச்சு அந்தக் கூட்டங்களில் அரிதாகவே எழுகிறது. மாரியில் கடல் வந்தால் மேற்கே ஓடும் வயலும் வெள்ளத்துக்குள்தான் இருக்கும் என்பதை இன்னும் அரிதாகவே பேசுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தது. இம்முறை பெரும் அழிவு மலையகத்தில். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைகள் சரிந்து ஊர்களை மூடின, நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை எப்போது கொடுக்கப்பட்டது, கொடுத்ததை யார் கேட்டார்கள், கேட்டவர்கள் ஏன் அசையவில்லை என்று பாராளுமன்றம் வரைக்கும் வாதாடப்பட்டது. தமிழில் எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. மலைச்சரிவில் லயன்களில் வாழ்பவர்கள் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. கல்முனையில் இருந்துகொண்டு அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு மாவடிப்பள்ளி நினைவுக்கு வந்தது. ஓராண்டு முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த ஆண்டின் உயர்தரப் பரீட்சை நவம்பர் 10இல் தொடங்கி டிசம்பர் 5இல் முடிவதாக அட்டவணை போடப்பட்டிருந்தது. நவம்பர் 27இல் அது இடைநிறுத்தப்பட்டு, எஞ்சிய வினாத்தாள்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின. முந்திய ஆண்டும் நவம்பரில், அந்த ஆண்டும் நவம்பரில். நமது கரைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது என்பதைச் சொல்ல எந்த எதிர்வுகூறலும் வேண்டியதில்லை. அது பாடசாலைப் புவியியலில் இருக்கிறது, உயர்தர வினாத்தாளில் கேட்கத்தக்க கேள்வியுங்கூட.